டிபிடி என்று பலகையில் எழுதியிருந்தால் போதுமா?

டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டிபிடி, என்பது தற்கொலை எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கும், உணர்ச்சிக் கொந்தளிப்பைத் தாங்க முடியாமல் தம் உடலைத் தாமே காயப்படுத்திக்கொள்கிறவர்களுக்கும் உதவுவதற்காக, அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் மார்ஷா லினஹன் வகுத்த பேச்சுவழிச் சிகிச்சை முறை. தமிழகத்து மனநல மருத்துவர்களும் இன்று மருந்துச் சீட்டின் அடியில் இந்த மூன்றெழுத்தை எழுதித் தருவதுண்டு. அதைக் கையில் வாங்கிய குடும்பம் கைபேசியில் தேடினால் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பல பெயர்களுக்குக் கீழே சிபிடி, டிபிடி, ஹிப்னோதெரபி, திருமண ஆலோசனை, தேர்வு பயம், குழந்தை வளர்ப்பு என்று, சைனீஸ், தந்தூரி, செட்டிநாடு மூன்றும் கிடைக்கும் என்று எழுதிவைத்த நெடுஞ்சாலை ஓட்டல் பலகையைப் போல, எல்லாமே ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. சீட்டை எழுதிய மருத்துவர் மனத்தில் நினைத்த டிபிடியும் பலகையில் காணப்படும் டிபிடியும் ஒன்றுதானா என்று கண்டறியும் பொறுப்பு, ஏற்கெனவே களைத்துப்போன அந்தக் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது.

‘டிபிடி தெரிந்தவர் யார்’ என்பது பாதிக் கேள்விதான். லினஹன் வகுத்த முறையில் டிபிடி என்பது ஒருவருடைய கைத்திறமைக்கு இட்ட பெயராக இல்லாமல், சேர்ந்து நடக்க வேண்டிய நான்கு பணிகளுக்கு இட்ட பெயராக இருக்கிறது. வாரம் ஒருமுறை சிகிச்சையாளரும் சிகிச்சை பெறுபவரும் தனியாகச் சந்திக்கும் அமர்வு ஒன்று. வாரம் ஒருமுறை ஏறத்தாழ இரண்டு அல்லது இரண்டரை மணி நேரம் நடக்கும் திறன் பயிற்சிக் குழு மற்றொன்று. அமர்வுகளுக்கு இடைப்பட்ட நாள்களில் நெருக்கடி வரும்போது சிகிச்சையாளரைத் தொலைபேசியில் அழைத்து, கற்ற திறனை அந்த நிமிடத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டறியும் ஏற்பாடு மூன்றாவது. சிகிச்சையாளர்கள் தமக்குள் வாரந்தோறும் கூடித் தம் வேலையை ஒருவருக்கொருவர் சரிபார்த்துக்கொள்ளும் கலந்தாய்வுக் குழு நான்காவது. இந்த நான்கும் இருக்கும்போதுதான் அது முழுமையான டிபிடி. இவற்றில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு நடத்துவதை ‘டிபிடி சார்ந்த’ சிகிச்சை என்று அழைப்பதே நேர்மையான வழக்கம். சார்ந்தது என்பதாலேயே அது பயனற்றதாகிவிடாது. எது இருக்கிறது, எது இல்லை என்று தெரியாமல் அதில் சேர்வதுதான் சிக்கல்.

இவற்றுள் நான்காவது பணி வெளியார் கண்ணுக்குத் தெரிவதில்லை, விளம்பரத்திலும் வருவதில்லை. ஆனால் தேடுபவருக்கு அதைப் போல் உதவும் உரைகல் வேறு இல்லை. சாவைப் பற்றி வாரந்தோறும் பேசுகிற ஒருவரோடு ஓராண்டு முழுவதும் உட்கார்ந்திருக்கும் சிகிச்சையாளர், பயத்தால் அளவுக்கு மீறி இளகிப்போவதும், அலுப்பால் அளவுக்கு மீறி இறுகிப்போவதும் இயல்பு என்று லினஹன் கருதினார். ஆகவே சிகிச்சை கொடுப்பவருக்கும் ஒரு வகைச் சிகிச்சை வேண்டும் என்பதை முறையின் உள்ளேயே வைத்தார். தனியாகக் கிளினிக் நடத்தும் ஒருவர், வாரந்தோறும் எவரோடும் கூடி ஆலோசிக்காமல், தாம் முழு டிபிடி தருவதாகச் சொன்னால், அவர் நல்ல சிகிச்சையாளராகவே இருக்கலாம். அந்தச் சொல்லை மட்டும் தளர்வாகப் பயன்படுத்துகிறார்.

இயங்கியல் என்ற சொல்

டயலெக்டிக் என்பதற்குத் தமிழில் ‘இயங்கியல்’ என்ற சொல் பல பத்தாண்டுகளாகவே இருக்கிறது. இடதுசாரிப் படிப்பு வட்டங்களில் இயங்கியல் பொருள்முதல்வாதம் என்று கேட்டுப் பழகிய காதுகளுக்கு, அதே சொல் மனநல மருத்துவமனை வாசலில் நிற்பது சற்று வியப்பாக இருக்கும். பொருள் அடிப்படையில் ஒன்றுதான்: எதிரெதிரான இரண்டு உண்மைகள் ஒரே நேரத்தில் நிற்க முடியும், அவற்றின் இழுபறியிலிருந்தே மாற்றம் பிறக்கிறது என்பது. டிபிடியில் அந்த இரண்டு, ஏற்பும் மாற்றமும். ‘நீங்கள் படும் வேதனை மெய்யானது, உங்கள் நிலையில் இப்படி நடந்துகொண்டதற்குக் காரணம் இருக்கிறது’ என்பது ஏற்பு. ‘ஆனாலும் இது மாறியாக வேண்டும், மாற்றும் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்’ என்பது மாற்றம்.

இந்த இழுபறி புத்தகத்திலிருந்து வந்ததன்று. சிந்தனையையும் பழக்கத்தையும் திருத்தும் வழக்கமான நடத்தைச் சிகிச்சையை லினஹன் தற்கொலை முயற்சிகள் பல செய்திருந்த பெண்களிடம் கையாண்டபோது, ‘என்னிடம்தான் குறை என்கிறீர்கள்’ என்று அவர்கள் சீறினார்கள் அல்லது வருவதை நிறுத்தினார்கள். திருத்துவதை விட்டுப் பரிவோடு கேட்பதோடு நின்றபோது, ‘என் வாழ்க்கை நரகமாக இருக்கிறது, நீங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறீர்கள்’ என்று அதற்கும் நொந்தார்கள். ஒரே அமர்வுக்குள் இரண்டுக்கும் இடையே விரைந்து மாறிமாறிச் செல்லும் முறையாக டிபிடி அமைந்தது இதனால்தான். ஏற்பைக் கற்பிக்க அவர் ஜென் தியான மரபிடம் போனார். ஜெர்மனியில் வில்லிகிஸ் யேகர் என்ற, ஜென் ஆசிரியராகவும் இருந்த பெனடிக்ட் சபைத் துறவியிடம் பயின்றார்.

1943ஆம் ஆண்டு ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் பிறந்த லினஹன், 1961ஆம் ஆண்டில், 17 வயதில், கனெடிகட் மாநிலம் ஹார்ட்ஃபர்டிலுள்ள இன்ஸ்டிட்யூட் ஆஃப் லிவிங் என்ற மனநல மருத்துவமனையில் நோயாளியாகச் சேர்க்கப்பட்டு, இரண்டாண்டுக்கும் மேல் அங்கே இருந்தவர் என்பது நீண்ட காலம் வெளியே தெரியாது. 2011ஆம் ஆண்டு அதே மருத்துவமனைக்குத் திரும்பிச் சென்று, அங்கே கூடியிருந்தவர்கள் முன்னிலையில் அவரே அதைச் சொன்னார். 2020இல் தன்வரலாறாகவும் எழுதினார். அதற்கு முன்பே முறை நிலைபெற்றுவிட்டது. முதல் ஒப்பீட்டு ஆய்வு 1991இல் வெளிவந்தது; சிகிச்சையாளர்களுக்கான பாடநூலும் திறன் பயிற்சிக் கையேடும் 1993இல் வந்தன.

யாருக்கு, எதற்கு

டிபிடி முதலில் உருவானது பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு எனப்படும் நிலைக்காக. உறவுகளில் கைவிடப்பட்டுவிடுவோமோ என்ற ஓயாத அச்சம், ஒருவரை உச்சியில் வைத்து மறுநாளே வெறுக்கும் அலைவு, தான் யார் என்பதிலேயே நிலையின்மை, கட்டுக்கடங்காத சினம், வெறுமை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் செயல்கள் ஆகியவை இந்நிலையின் அடையாளங்களில் சில. பிறவியிலேயே உணர்ச்சிகள் விரைவாகவும் வலுவாகவும் எழுந்து மெதுவாக அடங்கும் இயல்பு கொண்ட ஒரு குழந்தை, அந்த உணர்ச்சிகளை மறுத்துக்கொண்டே இருக்கும் சூழலில் வளரும்போது, இரண்டும் ஒன்றையொன்று வளர்த்துவிடுகின்றன என்பது லினஹனின் உயிரியல்–சமூகக் கொள்கை. ‘இதுக்கெல்லாமா அழுவாங்க’, ‘தூங்கி எழுந்தா சரியாயிடும்’ என்பவை எந்தத் தமிழ் வீட்டிலும் கெட்ட எண்ணத்தோடு சொல்லப்படுபவை அல்ல. மூன்று பிள்ளைகளில் இருவருக்கு அவை உறைப்பதும் இல்லை. மூன்றாவது பிள்ளை மட்டும் தன் உணர்வை நம்பக் கூடாது என்றும், பெரிதாக வெடித்தால்தான் எவரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்றும் இரண்டு பாடங்களைச் சேர்த்துக் கற்றுக்கொள்கிறது. கொள்கை பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. இயல்புக்கும் சூழலுக்கும் பொருந்தாமல் போனதைத்தான் சொல்கிறது.

பின்னாளில் வளரிளம் பருவத்தினர், போதைப் பழக்கம் உடையவர்கள், அளவு மீறி உண்ணும் கோளாறு உடையவர்கள் ஆகியோருக்கும் இம்முறை விரிவுபடுத்தப்பட்டது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பார்டர்லைன் கோளாறு உள்ள பெண்களிடம் திரும்பத் திரும்ப நிகழும் தற்காயத்தைக் குறைப்பதே முதன்மை நோக்கமாக இருக்கும்போது முழுமையான டிபிடி திட்டத்தைக் கருதலாம் என்று பரிந்துரைக்கிறது. வேலை அழுத்தம், தேர்வுப் பதற்றம், காதல் தோல்வியின் துயரம் ஆகியவற்றுக்கெல்லாம் டிபிடி தேடி அலைய வேண்டியதில்லை என்பதையும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். எளிமையான, விரைவில் முடியும் வேறு சிகிச்சைகள் அவற்றுக்கு உண்டு.

ஒரு தாளும் ஒரு சங்கிலியும்

டிபிடி நடக்கிறதா, டிபிடி என்ற பெயரில் பொதுவான ஆலோசனை நடக்கிறதா என்பதை அறிய, மேசைமேல் ஒரு தாள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்று சொல்லலாம். நாட்குறிப்பு அட்டை என்று பெயர். டைரி கார்டு என்றே பேச்சில் வழங்குகிறது. வாரத்தின் ஏழு நாள்களுக்கு ஏழு வரிசைகள். சாக வேண்டும் என்ற உந்துதல் அன்று எவ்வளவு இருந்தது, காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் எவ்வளவு, சோகம், வெட்கம், சினம், பயம் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று பூச்சியம் முதல் ஐந்து வரை எண் இட வேண்டும். மருந்து போட்டாரா, உந்துதலுக்கு இணங்கினாரா, கற்ற திறன்களில் எதைப் பயன்படுத்தினார் என்பதற்கும் கட்டங்கள் உண்டு. ஒவ்வொரு இரவும் சில நிமிடங்கள் பிடிக்கும் வேலை. தனி அமர்வு தொடங்கும்போது சிகிச்சையாளர் முதலில் கேட்பது நலத்தை அன்று, இந்த அட்டையை. அன்று எதைப் பற்றிப் பேசுவது என்பதும் வந்தவரின் விருப்பத்துக்கு முழுவதும் விடப்படுவதில்லை: உயிருக்கு ஆபத்தானது முதலில், சிகிச்சையையே குலைப்பவை அடுத்து, வாழ்க்கைத் தரத்தைக் கெடுப்பவை அதன் பிறகு என்ற வரிசை உண்டு. புதன்கிழமைக் கட்டத்தில் ஐந்து என்று இருந்தால், மாமியாரைப் பற்றிய குறை எவ்வளவு நியாயமாக இருந்தாலும் காத்திருக்க வேண்டும்.

அந்தப் புதன்கிழமையை எடுத்துக்கொண்டு செய்வது சங்கிலிப் பகுப்பாய்வு. எடுத்துக்காட்டாக, விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி தன்னைக் காயப்படுத்திக்கொண்டாள் என்று கொள்வோம். முந்தைய இரவு மூன்று மணி வரை விழித்திருந்தது, காலையில் மெஸ்ஸில் சாப்பிடாமல் கிளம்பியது ஆகியவை அவளை எளிதில் உடையக்கூடிய நிலையில் வைத்திருந்தன. தோழிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் இரண்டு நீலக் கோடுகள் விழுந்தும் பதில் வரவில்லை, இது தூண்டுதல். ‘இவளும் என்னை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள்’ என்பது எண்ணம். தொண்டை அடைத்தது உடலின் பங்கு. நான்கு முறை அழைத்தும் எடுக்கப்படாதது அடுத்த கண்ணி. பிறகு உந்துதல், பிறகு செயல். செயலுக்குப் பின் கிடைத்த சில நிமிட அமைதி, பதறி ஓடிவந்த தோழி, மறுநாள் வெட்கம் எல்லாமே அதே சங்கிலியின் கண்ணிகள்தான். சிகிச்சையாளர் காவல்துறை விசாரணை போலக் குடையாமலும் ‘பாவம்’ என்று கடந்துவிடாமலும் ஒவ்வொரு கண்ணியாகக் கேட்டு, எந்த இடத்தில் எந்தத் திறனைச் செருகியிருந்தால் சங்கிலி அறுந்திருக்கும் என்று அவளோடு சேர்ந்து கண்டுபிடிக்கிறார். ஒருமுறை இதைச் செய்து பார்த்தவருக்கு ஏன் இதற்கு ஆலோசனைப் புத்தகம் போதாது என்பது விளங்கிவிடும்.

செருகப்படும் திறன்கள் குழு வகுப்பில் கற்பிக்கப்படுபவை. முழுக்கவனம், வேதனையைத் தாங்குதல், உணர்ச்சியை ஒழுங்குபடுத்துதல், பிறரோடு பழகும் திறன் என்று நான்கு பாடப்பகுதிகள். ஒரு சுற்று முடிய 24 வாரங்கள், வழக்கமாக இரண்டு சுற்றுகள், ஆக ஏறத்தாழ ஓராண்டு. இது உள்ளக்கிடக்கையைக் கொட்டித்தீர்க்கும் குழு அன்று, வீட்டுப்பாடத்தோடு கூடிய வகுப்பு. பாடங்களில் சில மிக எளிய உடற்செயல்கள். கொந்தளிப்பு உச்சத்தில் இருக்கும்போது அறிவுரை காதில் ஏறாது என்பதால், ஓர் அகலப் பாத்திரத்தில் குளிர்ந்த நீரை நிரப்பி, குனிந்து மூச்சடக்கி, கண்ணும் கன்னமும் நனைய அரை நிமிட அளவு முகத்தை அமிழ்த்தும்படி கற்பிக்கிறார்கள். நீரில் மூழ்கும் பாலூட்டிகளுக்கெல்லாம் பொதுவான ஓர் அனிச்சையால் இதயத்துடிப்பு குறைந்து, சில நிமிடங்களுக்கு யோசிக்க இடம் கிடைக்கிறது. இதய நோய் உள்ளவர்களும் உணவுக் கோளாறால் மெலிந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது என்ற எச்சரிக்கையைச் சேர்த்துச் சொல்லும் பயிற்றுநரே பாடத்தை முழுதாகப் படித்தவர்.

முழுமையாகக் கிடைக்காவிட்டால்

இந்தியாவில் நான்கு பணிகளும் சேர்ந்த திட்டங்கள் குறைவு, அவையும் பெருநகரங்களில்தான். சிவகங்கையிலோ தருமபுரியிலோ இருக்கும் குடும்பத்துக்கு இது நடைமுறையில் இல்லை என்றே பொருள். இந்த இடத்தில் ஆய்வுகள் சொல்வதைக் கவனித்தால், தேடலைக் கைவிடாமல் திருத்திக்கொள்ள வழி தெரிகிறது. லினஹன் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், 99 பெண்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு முழு டிபிடியும், ஒரு பகுதியினருக்குத் திறன் பயிற்சி வகுப்போடு பொதுவான பராமரிப்பும், மற்றொரு பகுதியினருக்குத் திறன் வகுப்பு இல்லாத தனி அமர்வும் தரப்பட்டன. தற்கொலை முயற்சிகள் மூன்றிலும் ஒத்த அளவில் குறைந்தன. தற்காயத்தைப் பொறுத்தவரை திறன் வகுப்பு இருந்த இரண்டு ஏற்பாடுகளும் மேலாக அமைந்தன. அந்த மூன்றிலுமே தற்கொலை அபாயத்தைக் கையாளப் பயின்றவர்கள் இருந்தார்கள் என்பதை மறக்காமல் இதைப் படிக்க வேண்டும். ஆனாலும், உள்ளூரில் ஒரு நல்ல மனநல மருத்துவர் அல்லது உளவியலாளர், இணையவழியில் வேறொரு நகரத்திலிருந்து நடத்தப்படும் திறன் வகுப்பு, இருவருக்கும் இடையே தகவல் பரிமாற்றம் என்ற ஏற்பாடு, ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்பதைவிட எவ்வளவோ மேல்.

இன்னொரு ஆய்வு டிபிடி என்ற பெயரின் மேலுள்ள மயக்கத்தையும் சற்றுத் தெளிவிக்கிறது. கனடாவின் டொரன்டோ நகரில் 180 பேரிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஒப்பீட்டில், ஓராண்டு டிபிடி பெற்றவர்களும், இக்கோளாறை நன்கு அறிந்த மனநல மருத்துவர்களிடம் ஒழுங்கான பொது மருத்துவப் பராமரிப்புப் பெற்றவர்களும், ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறினார்கள். வாரந்தோறும் தவறாமல் பார்க்கும், கோளாறின் பெயரைச் சொல்லி விளக்கும், நெருக்கடியில் கைவிடாத ஒரு மருத்துவர் ஏற்கெனவே அமைந்திருந்தால், மூன்றெழுத்துக்காக அவரை விட்டுவிட்டு ஓடுவது அறிவுடைமை ஆகாது.

யாரிடம் கேட்பது, என்ன கேட்பது

தமிழில் எல்லோரையும் ‘டாக்டர்’ என்று அழைத்துவிடுவதால் மூன்று தொழில்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர், மருந்து எழுதுபவர், மருத்துவக் கவுன்சிலில் பதிவானவர். மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மருந்து எழுத மாட்டார். நோயாளிகளிடையே மேற்பார்வையோடு பயிற்சி பெற்று, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் பெற்றிருக்க வேண்டியவர். எம்எஸ்சி உளவியல் பட்டம் மட்டும் இந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ளப் போதாது. மூன்றாவது வகையான ‘கவுன்சிலர்’ என்ற சொல்லை எவரும் போட்டுக்கொள்ளலாம். அவர்களில் சிறந்தவர்களும் உண்டு, ஆனால் உயிராபத்துள்ள ஒருவரை ஒப்படைக்கும்முன் கூடுதலாக விசாரிப்பது முறை. மறுவாழ்வுக் கவுன்சிலின் இணையத்தளத்தில் பதிவு பெற்றவர்களின் பெயரைத் தேடிப் பார்க்க முடியும். பதிவு எண்ணைக் கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் மற்றக் கேள்விகளைக் கேட்க வேண்டிய தேவையே எழாது.

இந்தப் பதிவுகள் எதுவும் டிபிடி தெரியும் என்பதற்குச் சான்றல்ல. அமெரிக்காவில் லினஹன் பெயரால் அமைந்த சான்றளிப்பு வாரியம், எழுத்துத் தேர்வோடு உண்மையான அமர்வுகளின் பதிவையும் வாங்கிப் பார்த்தே சான்றிதழ் தருகிறது. அங்கும் அது விருப்பத்தின்பேரில் பெறுவதுதான். அங்கே வழக்கமாக உள்ள தீவிரப் பயிற்சி, ஒரே இடத்தில் வேலை செய்யும் சிகிச்சையாளர்கள் குழுவாகச் சேர்ந்து ஐந்து ஐந்து நாள்களாக இரண்டு கட்டங்களில் பெறுவது. இடைப்பட்ட மாதங்களில் அவர்கள் தம் ஊரில் ஒரு திட்டத்தைத் தொடங்கி நடத்திக் காட்ட வேண்டும். வார இறுதி இணையவழிப் பட்டறையில் கிடைத்த சான்றிதழும் சுவரில் அதே அளவு சட்டத்தில்தான் தொங்கும். ஆகவே முதல் தொலைபேசி அழைப்பிலேயே, தயங்காமல், பயிற்சி எங்கே எத்தனை நாள் பெற்றார், இப்போது யாருடைய மேற்பார்வையில் அல்லது எந்தக் கலந்தாய்வுக் குழுவில் இருக்கிறார், டைரி கார்டு உண்டா, திறன் வகுப்பை யார் நடத்துகிறார்கள், எவ்வளவு காலத் திட்டம், இரவில் நெருக்கடி வந்தால் அழைக்கலாமா என்று கேட்டுவிடுவது நல்லது.

கடைசிக் கேள்விக்கு வரும் பதில் பல உண்மைகளைக் காட்டிக்கொடுக்கும். ‘எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்’ என்பது அன்பான பதில், ஆனால் டிபிடியின் பதிலாக இருக்காது. அம்முறையில் அழைப்பு குறுகியது. காயப்படுத்திக்கொள்வதற்கு முன்பு அழைக்க வேண்டும். செயல் நடந்துவிட்டால், உயிருக்கான உதவியைத் தவிர, அடுத்த 24 மணி நேரத்துக்குச் சிகிச்சையாளரோடு பேச்சு இல்லை. கேட்க இது கொடுமையாகத் தோன்றலாம். காயத்துக்குப் பரிசாக அக்கறை கிடைக்கும் பழைய சங்கிலியை மாற்றி, திறனைக் கேட்டு அழைத்ததற்குப் பரிசாக அக்கறை கிடைக்கச் செய்வதே இதன் நோக்கம். இந்த விதியையும் தம் எல்லைகளையும் முன்கூட்டியே சொல்லும் சிகிச்சையாளரை நம்பலாம்.

தமிழில் சிகிச்சை பெற விரும்புபவருக்கு மற்றொரு தடை காத்திருக்கிறது. திறன்களின் பெயர்கள் ஆங்கிலத் தலையெழுத்துகளால் கோக்கப்பட்டவை. பிறரிடம் ஒன்றைக் கேட்டுப் பெறும் திறனுக்கு ‘டியர் மேன்’ என்று பெயர், ஒவ்வோர் எழுத்தும் ஒரு படியைக் குறிக்கும். தமிழாக்கினால் நினைவுக்கான அந்தக் கொக்கி கழன்றுவிடுகிறது. மைண்ட்ஃபுல்னெஸ் என்பதற்கு ‘விழிப்புணர்வு’ என்று எழுதினால், டெங்குப் பேரணிக்கும் சாலைப் பாதுகாப்பு வாரத்துக்கும் செலவாகிப்போன அச்சொல் தியானத்தை நினைவூட்டுவதில்லை. இவற்றைவிடப் பெரியது, ‘எனக்கு இது வேண்டாம்’ என்று தகப்பனாரிடமோ மாமனாரிடமோ நிமிர்ந்து சொல்லும் பயிற்சி, பெரியவர்களிடம் பேசும்போது மரியாதை விகுதியைத் தவிர்க்கவே முடியாத மொழியில் எப்படி ஒலிக்க வேண்டும் என்பது. நல்ல பயிற்றுநர் இதைக் குழுவில் நடித்துக் காட்டி, ‘இல்லப்பா, இந்த வருஷம் கல்யாணப் பேச்சு வேண்டாம்ப்பா, படிப்பு முடியட்டும்’ என்பதில் உறுதி எங்கே இருக்கிறது, பணிவு எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்டுவார். ஆங்கிலத்தில் மட்டுமே வகுப்பு நடத்துபவரிடம் இதற்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்கலாம். இதுவரை யோசிக்காதவராக இருந்தால், அந்தக் கேள்வியே அவருக்கு உதவி.

குழு என்றதும் சிறு நகரங்களில் எழும் பயம், தெரிந்தவர் யாராவது அங்கே இருந்துவிட்டால் என்பது. அங்கே கேட்டதை வெளியே பேசக் கூடாது என்பதும், காயப்படுத்திக்கொண்ட விவரங்களைக் குழுவுக்குள்ளேயே பேசக் கூடாது என்பதும் குழுவின் எழுதப்பட்ட விதிகள். அவை வாசித்துக் காட்டப்படுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். காவல்துறை பற்றிய பயமும் பலரை முதல் சந்திப்பில் உண்மை பேச விடுவதில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கிய, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த வடிவில் இடம்பெறவில்லை.

செலவு பெரும் தடை. அதே 2017ஆம் ஆண்டுச் சட்டம் உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்று விதித்திருந்தாலும், வழக்கமான மருத்துவக் காப்பீடுகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். வாரந்தோறும் வந்துபோகும் டிபிடி அதற்குள் அடங்குவதில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவுகளிலும் மாவட்ட மனநலத் திட்டத்திலும் மருத்துவரும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கும் என்பதால், அங்கே பராமரிப்பை வைத்துக்கொண்டு திறன் வகுப்புக்கு மட்டும் பணம் செலவிடுவது நடைமுறைக்கு ஒத்த வழி. தேடி அலையும் மாதங்களிலும் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் வாரங்களிலும் நெருக்கடி ஒத்திப்போடப்படுவதில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழில் பேசலாம், 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவே முதல் இடம்.

எல்லாம் கூடிவந்து ஒரு சிகிச்சையாளர் கிடைத்த பிறகும் சிகிச்சை உடனே தொடங்கிவிடுவதில்லை. முதல் சில அமர்வுகள் இருதரப்பும் ஒப்பந்தம் செய்துகொள்வதற்கானவை. தொடர்ந்து நான்கு வாரம் தனி அமர்வுக்கோ, நான்கு வாரம் வகுப்புக்கோ வராவிட்டால் திட்டத்திலிருந்து விலக்கப்படுவார் என்ற விதி அப்போது சொல்லப்படும். ஓராண்டு வருவதாகவும், அந்த ஓராண்டில் உயிரோடிருக்க உழைப்பதாகவும் வந்தவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டதும் சிகிச்சையாளர் மகிழ்ந்துவிடாமல் எதிர்வாதம் செய்வார்: இது மிகவும் கடினமான வேலை, ஒவ்வொரு இரவும் அட்டை நிரப்ப வேண்டும், உங்களுக்குப் பழகிப்போன ஒரே ஆறுதலை விடச் சொல்கிறோம், இவ்வளவு சிரமம் எதற்காகப் படப்போகிறீர்கள்? இது பயிற்சி நூலில் உள்ள ஓர் உத்தி. கைவிடச் சொல்வதற்காகக் கேட்கப்படுவதன்று. மாதக்கணக்கில் சிகிச்சையாளரைத் தேடி அலைந்து, தன் கேள்விகளுக்கெல்லாம் பதில் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், இந்த ஒரு கேள்விக்குத் தன் சொந்தச் சொற்களில் பதில் சொன்ன பிறகுதான் முதல் அட்டை மேசையின் இந்தப் பக்கம் நகர்த்தப்படுகிறது.